மூன்று சுற்று, இடப்பக்க முடிச்சு

கார் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போன மாதம் நம் செயலாளர் வீட்டுக்கு வந்திருந்தார். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, இப்பல்லாம் அவனவன் லைட்டு, ஹாரன், கேமரான்னு ஆன்லைன்ல வாங்கி வீட்லயே மாட்டிக்கிறான். யூடியூப்ப பாத்துட்டு டேஷ்போர்ட கழட்டுறான். நம்ம ஆளுங்க பொழப்பு போவுது. நீங்க சீனியரு. வண்டி வேலைய கடையிலதான் குடுக்கணும், சொந்தமா கை வெக்கக் கூடாதுன்னு அழுத்தமா நாலு பக்கம் எழுதிக் குடுங்க."

சரி என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார். நாலு பக்கம் எழுதிவிட்டேன். அவர் கேட்டது இதில் இருக்கிறதா இல்லையா என்பதைப் படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் பெயர் தண்டபாணி. கார் எலக்ட்ரீஷியன். மங்கலம்பேட்டைப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். பத்தாவதில் கோட்டை விட்டேன். கடலூரில் ஆரோக்கியம் மேஸ்திரி கடையில் சேர்த்துவிட்டார்கள். முதல் மூன்று வருடம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், டைனமோ துடைத்தேன், அடி வாங்காமல் தப்பித்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் முப்பத்து மூன்று வருடம் அதே கடைதான். மேஸ்திரி காலமான பின் அவர் மகன் நடத்தினார், நான் அங்கேயே இருந்தேன். கண் மங்கிப்போய் வயரின் நிறம் குழம்ப ஆரம்பித்ததும் போன வருடம் நின்றுவிட்டேன்.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட மாட்டார். அதனால்தான் எங்களுக்குப் பயம். காலிப் பேட்டரிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வயரைச் சேர்த்து ஜாயின்ட் போட்டால் அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். சரியாக இருந்தால் ஒரே வார்த்தைதான், "கட்டு." சரியில்லை என்றால் அந்த வார்த்தையும் வராது. கட்டிங் பிளேயரை எடுத்து நறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி ரோட்டைப் பார்ப்பார்.

கட்டு என்றால் நூல் கட்டு என்று அர்த்தம். எங்கள் கடையில் மட்டும் இருந்த வழக்கம் இது. வயரின் தோலை உரித்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பிகளை விசிறியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து முறுக்குவோம். அதன் மேல் ஈயம் உருக்கி ஓட விடுவோம். சூடு ஆறியதும் இழுத்துப் பார்த்துவிட்டு டேப் சுற்றுவோம். டேப்பின் பசை வெயிலில் இளகிப் பிரியும் என்பதால் அதன் மேல் மெழுகு நூல். நூலுக்கு மெழுகு, மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து கொண்டு வருகிற மெழுகுவத்தித் துண்டுகள். மேஸ்திரிக்கு இரண்டு சுற்று, நடுவில் முடிச்சு. எனக்கு மூன்று சுற்று, இடது பக்கம் முடிச்சு, நுனியைத் தீக்குச்சியால் கருக்கிவிடுவேன். ஆளுக்கு ஒரு மாதிரி.

"நாளைக்கி எவனாவது பிரிச்சான்னா இது யாரு வேலன்னு தெரியணும்" என்பார்.

இதில் மீறக் கூடாத சட்டம் ஒன்று இருந்தது. ஈயம் வைக்காத ஜாயின்டுக்கு நூல் கட்டக் கூடாது. நூல் இல்லை என்றால் வேலை பாக்கி என்று அடுத்து வருகிறவனுக்குத் தெரியும், அவன் முடித்துவிடுவான். நூல் இருந்தால் நம்பி விட்டுவிடுவான். நம்பும்படி பொய் சொல்லாதே என்பதுதான் அந்தச் சட்டம்.

சொந்தமாகக் கை வைக்கிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரிக்காத நாள் இல்லை. வடலூர் வாத்தியார் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடுகிற ஹாரனை வாங்கி அவரே மாட்டிக்கொண்டார். வயர் மாறி பிரேக் விளக்கோடு சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவர் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கார் பாட்டுப் பாட, பிள்ளைகள் கூடவே பாடிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் பண்ண தப்பு ஊருக்கே கேக்குது. நாம பண்ற தப்பு டேப்புக்கு உள்ள கெடக்கும். சத்தமே போடாதுடா" என்றார்.

அன்றைக்கு அது எனக்கு ஏறவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, பங்குனி மாதம். சிதம்பரத்திலிருந்து கலியமூர்த்தி என்று ஒருவர் கடைக்கு வந்தார். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, மூன்று நாள் தாடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வண்டிய இங்க கொண்டாற முடியாதுங்க. நீங்கதான் வரணும். லைட்டு தானா எரியுது."

"எந்த லைட்டுங்க?"

"முன்னாடி பம்பர்ல மஞ்ச லைட்டு. பனியில போறதுக்குப் போடறது. தெனம் மூணு மணி வாக்குல தானா எரியுது, வெயில் எறங்குனா தானா அணையுது. தெருவுல யாரும் எங்க வாசல் வழியா போறதில்லீங்க."

அப்புறம் மெதுவாக மற்றதைச் சொன்னார். ஒரே மகன், அருள். குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிஃப்டுக்கு விடியுமுன் காரில் கிளம்புவான், மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்புவான். வண்டி வேலையில் பைத்தியம். கடையில் கொடு என்றால் கேட்க மாட்டான், எல்லாம் அவனேதான். மார்கழியில் ஒரு நாள் புதுச்சத்திரம் தாண்டிக் கடும் பனி. பனியில் பெரிய விளக்கைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். அதனால் அதை அணைத்துவிட்டுக் கீழே இருக்கிற மஞ்சள் விளக்கு இரண்டோடு போயிருக்கிறான். ரோட்டோரம் கரும்பு டிராக்டர் ஒன்று நின்றிருக்கிறது. எதிரே டீக்கடைக்காரர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். போலீசிடம் அவர் சொன்னதைக் கலியமூர்த்தி அப்படியே சொன்னார்.

"ரெண்டு மஞ்ச லைட்டு வந்துச்சாம். டக்குனு ரெண்டும் ஒண்ணா அணைஞ்சிடுச்சாம். அப்புறம் சத்தம்தானாம்."

பிறகு சொன்னார்: "அவன் ஒட்டுப்போட்ட வயராலதான் அவன் செத்தான். நான் தலதலயா அடிச்சிக்கிட்டேன், கடையில குடுடான்னு. இதச் சொன்னதுலேருந்து அவுங்க அம்மா எங்கிட்ட பேசறதில்ல. வண்டிய எடைக்குப் போடவும் விடமாட்றா. லைட்டு எரிஞ்சா புள்ள வந்துட்டான்றா. நீங்க வேல தெரிஞ்சவரு. பிரிச்சிப் பாத்து, இது அவன் பண்ண கோளாறுதான்னு அவ மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

மறுநாள் பஸ்ஸில் போனேன். உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. யூடியூப் மெக்கானிக் செய்த கோளாறைப் பிரித்துக் காட்டப் போகிறோம் என்ற பெருமை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன். தெருமுனை வந்ததும் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"நடந்துக்கோங்கண்ணே. அந்த லைட்டு வூடுதானே? அங்கதான்."

இரண்டரை மணி இருக்கும். பங்குனி வெயிலில் தெருவே காலியாகக் கிடந்தது. காம்பவுண்டுக்குள் சிமெண்டுத் தரையில் மேற்கே பார்த்து அந்த வெள்ளைக் கார் நின்றது. இடது பக்கம் முழுக்க நசுங்கி, அந்தப் பக்கத்து மஞ்சள் விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. வலது பக்க விளக்கு ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். வசந்தா என்று பெயர். அழுத முகம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முகம்.

"வாங்கண்ணே. தண்ணி குடிங்க. இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு."

எதற்கு நேரம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கலியமூர்த்தி வீட்டுக்குள்ளேயே நின்றார். சூரியன் மேற்கே சாய்ந்து, முன் கண்ணாடி வழியாக வெயில் டேஷ்போர்டு மேல் விழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் யாரோ டிவியை அணைத்தார்கள். காருக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். விளக்கு எரிந்தது.

விளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே சேர்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும். ஆயிரம் முறை கேட்ட சத்தம்தான். இருந்தாலும் ஆள் இல்லாத காரில், பட்டப்பகல் வெயிலில், அந்த ஒற்றை மஞ்சள் கண் திறந்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. அந்த அம்மா எழுந்து போய்க் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மகன் மூன்று மணிக்கு வரும்போது தினமும் அப்படித் திறப்பாராம்.

"பேட்டரி எறங்கியிருக்கணுமே" என்றேன், ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக.

"அவன் சார்ஜர் இருக்கு. தெனம் சாயந்தரம் நான்தான் மாட்டி விடறேன். செவப்பு கிளிப்பு எதுல, கறுப்பு எதுலன்னு அவன் சொல்லிக் குடுத்திருக்கான்." பிறகு காரைக் காட்டிச் சொன்னார்: "உள்ள அந்த ஸ்விட்ச மட்டும் அணைச்சிடாதீங்க. அன்னைக்கி அவன் போட்டது. போட்டபடியே இருக்கு. போலீசு, கிரேன்காரன் யாரையும் நான் தொட விடல."

உள்ளேயிருந்து என்னை நோக்கிக் கலியமூர்த்தி குரல் வந்தது. "பாத்தீங்கல்ல மேஸ்திரி? இதான் அவன் வேல லட்சணம்."

"அவன் வேலைல குத்தம் சொல்லாதீங்க." அந்த அம்மா திரும்பாமலேயே, யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பானெட்டைத் திறந்தேன். எதற்குத் தயாராக வந்தேனோ அது அங்கே இல்லை. ஒவ்வொரு வயரிலும் எங்கிருந்து எங்கே போகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருந்தான். பேட்டரியை ஒட்டிப் பியூஸ். வயர் தகரத்தில் உரசுகிற இடத்திலெல்லாம் ரப்பர். ஒவ்வொரு ஜாயின்டாகப் பிடித்து, மேஸ்திரி இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. இரண்டைப் பிரித்தும் பார்த்தேன். ஈயம் மழைத்துளி மாதிரி வழவழவென்று ஓடியிருந்தது. அந்தப் பையன் எங்கள் கடைக்கு வந்திருந்தால் மேஸ்திரி எல்லாவற்றுக்கும் "கட்டு" என்றிருப்பார்.

மிச்சம் இருந்தது உள் பக்கம். ஸ்விட்சிலிருந்து ரிலேவுக்குப் போகிற வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் டிரைவர் சீட்டில் மல்லாந்து படுத்துத் தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட வேண்டும். சீட் உயரமான ஆளுக்காகப் பின்னுக்குத் தள்ளியே இருந்தது. காய்ந்துபோன பூச்சரம் ஒன்று கண்ணாடியில் தொங்கியது. படுத்தேன். அவன் மூச்சு நின்ற இடம் அது என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. உள்ளே அனலாக இருந்தது, ஆனால் என் முதுகு வேர்க்கவில்லை.

கண்ணுக்கு எட்டாத இடம். கையை விட்டுத் தடவினேன். விரலுக்கு டேப் தட்டுப்பட்டது. டேப் மேல் நூல். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. முடிச்சு இடது பக்கம். முடிச்சின் நுனியில் கருகிய சின்ன உருண்டை.

கை அப்படியே நின்றுவிட்டது. மனம் என்னென்னவோ சொல்லித் தப்பிக்கப் பார்த்தது. விரலுக்குத் தெரிந்துவிட்டது. லேசாக அழுத்தினேன். வெளியே அந்த அம்மா "ஐயோ, அணைஞ்சிடுச்சே" என்று கத்தினார். விரலை எடுத்தேன். டிக். "எரியுது, எரியுது" என்றார்.

அதை நான் கட்டியது மின்வெட்டு ஜாஸ்தியாக இருந்த வருடங்களில் ஒன்றில். மேஸ்திரி வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். சிதம்பரத்துக்காரர் ஒருவர் புது வெள்ளைக் காரைக் கொண்டு வந்து மஞ்சள் விளக்கு மாட்டச் சொன்னார். மச்சான் வாங்கிய வண்டி, பன்னிரண்டுக்குள் கோயிலில் பூசை, அதற்கப்புறம் ராகு காலம் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். எல்லா வேலையும் முடிந்து ஒரு ஜாயின்ட் மட்டும் மிச்சம் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஈயம் வைக்கிற அயர்ன் ஆறிவிட்டது. அடுப்பில் காய்ச்சுகிற பழைய செம்பு அயர்ன் பரண் மேல் இருந்தது. ஸ்டவ்வைத் தேடிப் பற்றவைத்து, அது சூடேற அரை மணி ஆகும். அவர் வாட்சைக் காட்டிக்கொண்டே இருந்தார். முறுக்கினேன், டேப் சுற்றினேன். அடுத்த சர்வீஸுக்கு வரும்போது ஈயம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நூலும் கட்டினேன். டேப் மட்டும் இருந்தால் அடுத்த சர்வீஸில் மேஸ்திரி பார்த்துவிடுவார் என்ற பயம், கட்டாமல் விட்டால் கைக்கு ஏதோ குறைகிற மாதிரி ஒரு பழக்கம், இரண்டும் சேர்ந்து மூன்று சுற்றுச் சுற்றி, இடப்பக்கம் முடிந்து, நுனியைக் கருக்கிவிட்டேன். அந்த வண்டி திரும்பி வரவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருடக் கடல் காற்றில் அந்த முறுக்குக்குள் செம்பு கறுத்திருக்கிறது. குளிரில் சுருங்கி விலகும், சூட்டில் விரிந்து தொடும். பனி பெய்த விடிகாலையில் விட்டுப்போனதும், பங்குனி வெயிலில் தினமும் சேருவதும் அந்த ஒரே இடத்தில்தான்.

காரை விட்டு எழுந்து வந்தேன். அந்த அம்மா ஒரு நோட்டை நீட்டினார்.

"அவன் வண்டில எது பண்ணாலும் இதுல எழுதி வெப்பான். உங்களுக்கு ஒதவும்னு எடுத்து வெச்சேன்."

கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பானெட்டுக்குள் பார்த்த அதே கையெழுத்து. வாங்கிப் புரட்டினேன். மஞ்சள் விளக்குக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கடையில் மாட்டிய பழைய வயர் முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாக இழுத்ததை வரிசையாகக் குறித்திருந்தான். கடைசி வரி இது: "டேஷ்போர்டு பின்னால் உள்ள ஒரு ஜாயின்ட் மட்டும் பழையது. நூல் போட்டு அழகாகக் கட்டியிருக்கிறார்கள். யாரோ நல்ல வேலைக்காரர். அதைத் தொடவில்லை."

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பிரித்தவன் என்னை மட்டும் நம்பியிருக்கிறான். அவன் என்னைப் பார்த்ததே இல்லை. அந்த வரி எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் விளக்கு அணைந்தது. வெயில் இறங்கியிருந்தது, வேறொன்றுமில்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்னாங்க மேஸ்திரி?" என்று கலியமூர்த்தி வாசலுக்கு வந்தார். "அவன் வேலதானே?"

"ஒரு சாமான் வேணும்ங்க. நாளைக்கி வரேன்" என்றேன். பொய். எல்லாச் சாமானும் பையில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கடலூர் பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. ஏறவில்லை. தப்பிக்க வழி சுலபமாக இருந்தது. பழைய ஜாயின்ட் ஒன்று கெட்டிருக்கிறது, யார் போட்டதோ தெரியவில்லை என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அந்தத் தகப்பனார் சாகும்வரை பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பார், அந்த அம்மா சார்ஜரை மாட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது பஸ் வந்து நின்றது. டிரைவர் ஏதோ ஸ்விட்சைத் தட்ட, அதன் முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கும் பகலிலேயே எரிந்து, டக்கென்று ஒன்றாக அணைந்தன. நான் எழுந்துவிட்டேன். ஊருக்குப் போகவில்லை. தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் இரண்டு மணிக்கெல்லாம் அந்த வாசலில் நின்றேன்.

இருவரையும் ஒன்றாக உட்காரச் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று நினைக்கிறேன். ஜாயின்டை அப்படியே வெளியே இழுத்து நூலைக் காட்டினேன்.

"உங்க புள்ள வேலைல ஒரு குத்தமும் இல்லீங்க. இது ஒண்ணுதான் கெட்டது. இது கடை வேல."

"எந்தக் கடை?" என்றார் கலியமூர்த்தி.

"எங்க கடை. நான் கட்டுனது. இது என் முடிச்சு. உள்ள ஈயம் வெக்கல. அன்னைக்கி கரண்ட் இல்ல, பூசைக்கு நேரமாவுதுன்னு உங்க மச்சான் நின்னாரு, நான் சும்மா கட்டிக் குடுத்துட்டேன். அருளு இதப் பாத்து நல்ல வேலன்னு நம்பிட்டான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவி பக்கம் திரும்பினார். "வசந்தா, நான் ஊரெல்லாம் அவன..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பப் பேசாதீங்க" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை.

"அன்னைக்கி வெக்காத ஈயத்த இப்ப வைங்க" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து அயர்னைச் சூடேற்றினேன். பச்சையும் கறுப்புமாகப் போயிருந்த கம்பியை வெட்டி எறிந்து, புதிதாக உரித்து, விசிறியாகப் பிரித்து முறுக்கினேன். கம்பி தொட்ட நிமிஷம் டிக் என்றது, விளக்கு எரிந்தது. ஈயம் உருகி ஓடியது. இந்த முறை விளக்கு வெயிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஆட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். அணையவில்லை. டேப் சுற்றினேன்.

"நூல் கட்டலியா?"

"இல்லம்மா."

அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார். கலியமூர்த்தி காரின் கதவருகே போய், ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினார்.

"விடுங்க" என்றார் அந்த அம்மா. "அவன் போட்டது. நாம அணைக்க வேணாம். தானா அணையட்டும்."

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் காபி போடவில்லை, யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நாலு மணிக்கு வெயில் எதிர்வீட்டுக்குப் பின்னால் போய் டேஷ்போர்டை விட்டு இறங்கியது, விளக்கு எரிந்தது. ஐந்து மணிக்கும் எரிந்தது. அப்போது அந்த அம்மா, "மாசி கடைசியில ஒரு நாளு மழ பேஞ்சுதுண்ணே. அன்னைக்கும் மூணு மணிக்கு எரிஞ்சிது. வெயிலே இல்ல. அது எப்பிடி?" என்று கேட்டார். என் தொழிலில் எனக்குத் தெரிந்த எதையும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. தெரியாது என்றேன்.

ஆறு மணி சுமாருக்கு வெளிச்சம் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, சிவந்து, உள்ளே ஒரு கம்பி மட்டும் தெரிந்தது. தெருவில் வீடுகளுக்கு விளக்குப் போட ஆரம்பித்தார்கள். ரிலே கடைசியாக ஒரு முறை டிக் என்றது. அந்த அம்மா சார்ஜரை எடுக்கப் போகவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு வந்து, கலியமூர்த்தியிடம், "உள்ள வாங்க, பனி எறங்குது" என்றார். அந்த மாதத்தில் ஏது பனி? அவர் எழுந்து பின்னால் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செயலாளருக்கு நான் எழுத வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் செய்வதா கடையில் கொடுப்பதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. ஆனால் சிதம்பரத்திலோ கடலூரிலோ எங்காவது பழைய கார் நின்றால், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். கரண்ட் இல்லாத நாட்கள் அந்த வருடங்களில் நிறைய இருந்தன. அதில் எத்தனை நாள் மேஸ்திரி கடையில் இல்லை என்பது எனக்கு ஞாபகம் இல்லை. இதுவரை இரண்டு அகப்பட்டன. ஒன்றில் ஈயம் இருந்தது. இன்னொன்றில் இல்லை.

அதனால் இந்த மலரில் வேறு எதை வெட்டினாலும் அடுத்த வரிகளை வெட்டாமல் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையில் வருகிற பழைய வண்டியில், வீட்டில் நீங்களே பிரித்தாலும் சரி, கடையில் பிரித்தாலும் சரி, டேப் மேல் மெழுகு நூல் மூன்று சுற்று இருந்து, முடிச்சு இடது பக்கம் இருந்து, அதன் நுனி கருகியிருந்தால், பார்க்க அழகாக இருக்கும். நம்பாதீர்கள். அறுத்துப் பாருங்கள்.